தட்டாக மாறும் கரும்புச் சக்கை: விலைதான் தடைக்கல்

புது தில்லி: சர்க்கரை ஆலைகளில் சாறு பிழிந்த பின் எஞ்சும் கரும்புச் சக்கை, தலைநகரில் சாப்பாட்டுத் தட்டாக வலம் வரத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. 2018 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று, தில்லியிலிருந்து புறப்படும் சில ராஜதானி, சதாப்தி ரயில்களில் சக்கைத் தட்டுகளில் உணவு வழங்கும் திட்டத்தை ஐ.ஆர்.சி.டி.சி. தொடங்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்ற வளாகத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மக்களவைச் செயலகம் தடை விதித்தது.

பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழல் ஆகியவை 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டன. தமிழகம் 2019 ஜனவரியிலேயே முந்திக்கொண்டது. ஆனாலும், சட்டம் திறந்துவிட்ட சந்தையைச் சக்கைத் தட்டுகளால் இன்னும் முழுமையாகப் பிடிக்க இயலவில்லை.

காரணம் விலை. ஒரு டன் கரும்பை அரைத்தால் ஏறத்தாழ 300 கிலோ சக்கை கிடைக்கும். அதில் பாதி ஈரம். அதை வேகவைத்துக் கூழாக்கி, சூடான அச்சில் அழுத்தினால் தட்டு தயார். தில்லியை அடுத்த உத்தரப் பிரதேசம் கரும்பு விளைச்சலில் முதலிடம் வகிக்கும் மாநிலம். அங்கே அயோத்தியில் உள்ள காகித ஆலை ஒன்று 'சக்' என்ற பெயரில் இத்தகைய தட்டுகளைத் தயாரிக்கிறது. எனவே மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை எனத் தோன்றலாம். உண்மையில் சக்கை யாரும் சீந்தாத கழிவு அல்ல. ஆலைகள் அதைக் கொதிகலனில் எரித்து மின்சாரம் தயாரித்து விற்கின்றன. காகித ஆலைகளும் போட்டியிடுகின்றன. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், சர்க்கரை ஆலைகளுக்கு நீராவியும் எரிபொருளும் ஈடாகத் தந்தே சக்கையைப் பெற்று வருகிறது. இலைத் தொன்னையில் சாட் விற்றுப் பழகிய நடைபாதைக் கடைக்காரர் ஒவ்வொரு காசையும் எண்ணிப் பார்ப்பதில் வியப்பில்லை.

எண்ணெயும் குழம்பும் ஊறாதிருக்கச் சில தயாரிப்பாளர்கள் ஃபுளோரின் சேர்மங்களைக் கலப்பதும் உலகெங்கும் விவாதமாகியுள்ளது. உணவு உறைகளில் எண்ணெய்த் தடுப்புக்காக இவற்றைப் பயன்படுத்துவது அமெரிக்கச் சந்தையில் முடிவுக்கு வந்துவிட்டதாக அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது.

இத்தட்டு மக்குவதற்கு ஈரமும் காற்றும் வேண்டும். மக்கும் குப்பையைத் தனியே பிரிக்க வேண்டும் என்பது விதி. பிரிக்கப்படாமல் காஜிப்பூர் குப்பை மலையில் புதையும் தட்டு, உரமாவதற்குப் பதிலாக மீத்தேன் வாயுவையே வெளியிடும்.