உஷார்! 'உள்ளே புடவைதான்' என்றால் நகை போச்சு

கூரியர் கடைப் பையன் கேட்கிறான்: "உள்ள என்னக்கா இருக்கு?" சட்டென்று வாயில் வருகிறது: "ஒரு புடவை தம்பி." புடவை மடிப்புக்குள் மூன்று சவரன் ஆரம்! அந்த ஒரு வார்த்தையோடு ஆரத்தின் மீது உங்களுக்கிருந்த பிடி தளர்ந்துவிட்டது.

என் பெரியம்மா மகள் இதையேதான் செய்தாள். புனேயில் இருக்கும் மகளின் வளைகாப்புக்கு ஒரு ஜோடி வளையலும் ஜிமிக்கியும் அனுப்பினாள். பொதி போய்ச் சேர்ந்தது. புடவை இருந்தது, நகை இல்லை. அட்டையின் ஓரத்தில் புதிதாக ஒரு டேப் மட்டும். கடைக்காரர் ரசீதைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். கடுகு எழுத்தில் இரண்டு வரி. தங்கம், வெள்ளி, ரொக்கம் அனுப்பக்கூடாது. தொலைந்தால் எங்கள் பொறுப்பு 100 ரூபாய். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், "நகை வெச்சதுக்கு என்னம்மா ஆதாரம்?" என்கிறார்கள். அவள் கையெழுத்துப் போட்ட சீட்டே புடவை என்றுதானே சொல்கிறது!

கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று மிதப்பாக இருக்காதீர்கள். ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேராததால் லட்சக்கணக்கில் நஷ்டம் என்று ஒரு பின்னலாடை நிறுவனம் வழக்காடியது. 1996இல் உச்ச நீதிமன்றம், சீட்டில் கண்ட வரம்புக்குக் கையெழுத்திட்டவர் கட்டுப்பட்டவரே என்று சொல்லிவிட்டது. கிடைத்தது 100 டாலர்.

"நான் மதிப்பு எழுதியிருக்கேனே!" என்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். சீட்டில் 'மதிப்பு' என்ற கட்டத்தில் இரண்டு லட்சம் என்று எழுதுவது இன்ஷூரன்ஸ் அல்ல. தனியாகப் பிரீமியம் கட்டி, அதற்கு ஒரு சான்று கையில் வந்தால்தான் இன்ஷூரன்ஸ். 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தால் தொலைந்தால் பாரம் முழுக்க உங்கள் தலையில். வீட்டு இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்றால், அது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் நகைக்கு. பொதியாகப் போகும் நகைக்குச் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தபால் ஆபீஸ் நம்பகமானதுதான். ஆனால் இன்ஷூர் செய்யாத ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால், கட்டிய கட்டணத்தில் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் நஷ்ட ஈடு. இன்ஷூர் செய்தாலும் உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். இன்றைய வரம்பைக் கவுண்டரில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். தங்கம் விற்கிற விலையில் ஒரு லட்சத்துக்குள் எத்தனை சவரன் அடங்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்து எழுதினால், எழுதிய தொகைக்கு மேல் சல்லிக்காசு வராது.

பெரிய உருப்படி என்றால் நகைக்கடைக்காரரிடமே கேளுங்கள். அவர்கள் சரக்கு இதற்கென்றே இருக்கும் பாதுகாப்புப் போக்குவரத்து நிறுவனங்கள் வழியாகப் போகிறது. உங்கள் நகை அவர்கள் பாலிசிக்குள் வருமா, எந்த வாசலிலிருந்து எந்த வாசல் வரை என்பதை வாய்வார்த்தையில் விடாதீர்கள். ரிப்பேருக்கு அனுப்பும் நகைக்கும் இதே கேள்விதான்.

அனுப்புமுன் பில், எடை, ஹால்மார்க்கோடு பொறித்திருக்கும் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண், எல்லாவற்றையும் படமெடுங்கள். பொதி கட்டி ஒட்டும் வரை செல்போனில் வீடியோ ஓடட்டும். ரசீதில் பொதியின் எடை கிராம் கணக்கில் இருக்கிறதா பாருங்கள். வாங்கிக்கொள்பவருக்கும் சொல்லிவையுங்கள்: டேப் மாறியிருந்தாலோ எடை குறைந்திருந்தாலோ கையெழுத்துப் போடாதே, கொண்டுவந்தவரையே பிரித்துக் காட்டச் சொல். கையெழுத்து விழுந்த பிறகு கத்தினால் யார் கேட்பார்கள்?

இன்னொரு கணக்கு. 1958இல் நியூயார்க் நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டன், 45.52 காரட் 'ஹோப்' வைரத்தை வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குச் சாதாரணப் பழுப்புத்தாள் சுற்றிப் பதிவுத் தபாலில்தான் அனுப்பினார். செலவு 145 டாலர் 29 சென்ட். அதில் தபால் கட்டணம் 2 டாலர் 44 சென்ட். மிச்சம் முழுக்க இன்ஷூரன்ஸ்.