புதுக்கடையின் புரொக்டர்

கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் ஒரு காலத்தில் இரண்டு வகைச் சட்டத்தரணிகள் இருந்தார்கள். மேல்மன்றில் எழுந்து வாதாடியவர் அப்புக்காத்து. கட்சிக்காரரின் கதையைக் கேட்டு, வழக்குப் பத்திரங்களைத் தயாரித்தவர் புரொக்டர். ஊர் வழக்கில் பிறக்கிராசி. பிறருக்காக நின்று கருமம் பார்ப்பவர் என்பதே புரொக்டர் என்ற ஆங்கிலச் சொல்லின் மூலப்பொருள். எவ்வளவு பொருத்தமான பெயர்!

1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் இரு பிரிவையும் ஒன்றாக்கியது. 1974 முதல் எல்லோரும் சட்டத்தரணிகளே.

இன்று இணையவழிப் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு, புரொக்டர் என்றால் பரீட்சையைக் கண்காணிப்பவர்.

ஆனால் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய காணி உறுதியில் அந்தச் சொல்லைக் கண்டால், அது சட்டத்தரணியைக் குறிக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.