வெற்றுக் கட்டமும் சுழியமும்

தோட்டத்து மக்களுக்கு வெற்றுக் கட்டம் புதியதன்று. அதிகாலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கிராணியார் செக்ரோலில் குறித்த நாள்களில், ஒரு கட்டம் வெறுமையாயிருப்பின் அதற்குப் பொருள் பல. அவர் வேலைக்கு வரவில்லையா? நோயுற்றிருந்தாரா? வந்திருந்தும் குறிக்காமல் விடப்பட்டதா? சம்பள நாளில்தான் வழக்குப் பிறக்கும். இன்று பள்ளிப் பதிவேடுகள் கணினிக்கு மாறிவிட்டன. ஆயினும் அந்த ஐயம் மாறவில்லை.

கணினியில் இவ்வாறு கட்டம் கட்டமாக அமைந்த ஏட்டை விரிதாள் என்கிறோம். 1979ஆம் ஆண்டு டான் பிரிக்ளின், பாப் பிராங்ஸ்டன் ஆகிய இருவரின் ஆக்கமாக வெளிவந்த விசிகால்க் இதற்கு முன்னோடி. இன்று பலரும் கையாள்வது எக்செல்.

மாணவச் செல்வங்களே, ஐவர் எழுதிய சோதனை என்று கொள்வோம். நால்வர் பெற்றவை 80, 70, 60, 90. ஐந்தாமவன் காய்ச்சலால் வரவில்லை. அவன் கட்டத்தை வெறுமையாக விட்டால் விரிதாள் நால்வருக்கே சராசரி கண்டு 75 என்னும். அதில் சுழியம் இட்டாலோ ஐவருக்கும் வகுத்து 60 என்னும். வராதவன் வேறு, எழுதித் தோற்றவன் வேறு அல்லவா?

நாற்பது மாணவர் பட்டியலில் வெற்றிடங்களைக் கண்ணால் தேடுதல் வீண் வேலை. அதற்குச் சூத்திரம் உண்டு. ஆங்கில எழுத்தில் உள்ளிட வேண்டும். சமக்குறி இட்டு, ‘கவுண்ட்பிளாங்க்’ என எழுதி, அடைப்புக்குறிக்குள் சி2:சி41 என்று குறித்தால், எத்தனை கட்டங்கள் வெறுமை என்று எண்ணிச் சொல்லும். ‘இஸ்பிளாங்க்’ என்பதோ ஒரு கட்டத்தை மட்டும் நோக்கி, வெறுமையா அன்றா என விடை தரும்.

இங்கொரு பொறி உண்டு. யாரேனும் இடைவெளி விசையை ஒரு முறை தட்டியிருந்தால், கட்டம் நம் கண்ணுக்கு வெறுமை. கணினிக்கோ அதில் ஓர் எழுத்து உள்ளது! மேற்கூறிய இரு சூத்திரங்களும் அதனைத் தவறவிடும். ஆதலின் ‘டிரிம்’ கொண்டு இடைவெளிகளைக் களைந்து, ‘லென்’ கொண்டு நீளத்தை அளப்பதே நாம் விரும்பும் முறை. நீளம் சுழியமாயின் அது மெய்யாகவே வெற்றுக் கட்டம்.

பெற்றோர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அடையாள எண் வரிசையை. அதில் 12 இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறி. ஜொகூருக்குரிய குறிகளுள் 01 ஒன்று. தேர்வெண்ணோ குறைந்த வெற்றிடம் ஒரு நாளில் நிரம்பிவிடும். பிறப்புப் பத்திரமே இல்லாமையால் விளைந்த வெற்றிடம் ஆண்டுக்கணக்கில் தொடரும். நம்மவரிடையே இக்குறை பெரிதாயிருந்தமையால்தான் அரசாங்கம் 2011இல் ‘மைடஃப்தார்’ பதிவியக்கத்தை நடத்தியது. 2017இல் ‘மெகா மைடஃப்தார்’ நடந்தது. குழந்தை பிறந்து 60 நாள்களுக்குள் தேசியப் பதிவுத் துறையில் பதிந்துவிட்டால் இத்துயரில் பெரும்பகுதி இல்லை.

பட்டியல் அழகாகத் தோன்றட்டும் என்று சிலர் அவ்வெற்றிடத்தில் ஒரு சிறு கோடு இடுவர். சூத்திரத்துக்கு அது நிரம்பிய கட்டம். எண்ணிக்கையினின்று அக்குழந்தை அப்போதே மறைந்துபோகும். ஆவணம் இல்லாதோர் யாவர் என்று பின்னொரு நாள் தேடுவோர்க்கும் அதன் பெயர் அகப்படாது.