துப்பாக்கி கைக்கு வரும் இடம்

அமெரிக்காவில் துப்பாக்கியோடு விமானப் பயணம் போவது பெரிய காரியமே இல்லை. தோட்டாக்களைக் கழற்றிவிட்டு, கெட்டியான பெட்டியில் வைத்துப் பூட்டி, செக்-இன் கவுன்ட்டரில் "இதில் துப்பாக்கி இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். ஊழியர் ஓர் அட்டையை நீட்டுவார். தோட்டா நிரப்பவில்லை என்று அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அட்டை லக்கேஜுக்குள் போய்விடும். பெட்டியின் சாவி பயணியிடமே இருக்கும். தோட்டாக்களை அதற்குரிய டப்பாவில் அடுக்கி, துப்பாக்கி இருக்கும் அதே பெட்டியில் வைத்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. பல விமான நிறுவனங்கள் 5 கிலோ வரை அனுமதிக்கின்றன.

வேட்டைக்காரர்களும் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகிறவர்களும் இதை வருடம் முழுக்கச் செய்கிறார்கள். சொல்லாமல் கைப்பையில் துப்பாக்கியோடு வந்து சோதனையில் மாட்டுகிறவர்கள் தனி ரகம். 2023-ல் மட்டும் அப்படிப் பிடிபட்டவை 6,737 துப்பாக்கிகள். பத்தில் ஒன்பதுக்கும் மேல் தோட்டா நிரப்பியவை. அவர்களோடு ஒப்பிட்டால் கவுன்ட்டரில் தானாக முன்வந்து சொல்பவர் ஒழுங்கானவர். அதனாலேயே அவர் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. எனக்குள்ள பயம் அவர் கிளம்பும் ஊரைப் பற்றியதல்ல, இறங்கும் ஊரைப் பற்றியது.

2017 ஜனவரி 6. அலாஸ்காவின் ஆங்கரேஜில் ஏறி, மினியாபொலிஸில் விமானம் மாறி, ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் வந்திறங்கினார் 26 வயது முன்னாள் ராணுவ வீரர் ஒருவர். அவர் செக்-இன் செய்திருந்தது ஒரே ஒரு பெட்டி. உள்ளே 9 எம்.எம். கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும். எல்லாம் கவுன்ட்டரில் சொல்லி, முறைப்படி அனுப்பியவை. பெட்டி கைக்கு வந்ததும் ஆண்கள் கழிவறைக்குள் போனார். தோட்டாக்களை நிரப்பிக்கொண்டு வெளியே வந்தார். இரண்டாம் டெர்மினலின் லக்கேஜ் கூடத்தில் பெட்டிக்காகக் காத்து நின்றவர்களைச் சுட ஆரம்பித்தார். தோட்டா தீர்ந்ததும் தரையில் படுத்துக்கொண்டார். எல்லாம் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துபோயிற்று. 5 பேர் இறந்தார்கள், 6 பேர் குண்டடிபட்டுப் பிழைத்தார்கள். சொகுசுக் கப்பல் ஏறலாம் என்று வந்த முதியவர்களும் இறந்தவர்களில் உண்டு.

அந்த மனிதர் சில வாரங்களுக்கு முன்புதான் மனநிலை சரியில்லாமல் தானாகவே விசாரணை அலுவலகம் ஒன்றுக்குப் போய் நின்றார் என்பதும், அப்போது வாங்கி வைக்கப்பட்ட துப்பாக்கி திரும்பக் கொடுக்கப்பட்டது என்பதும் நிறையப் பேர் எழுதிய விஷயம். 2018-ல் அவருக்கு ஐந்து ஆயுள் தண்டனைகள் கிடைத்தன. என்னை உறுத்துவது வேறு. அன்று கவுன்ட்டரிலிருந்து லக்கேஜ் கூடம் வரை ஒரு விதிகூட மீறப்படவில்லை.

இந்த விதிகளெல்லாம் விமானக் கடத்தல் பயத்தில் வளர்ந்தவை. வானில் இருக்கும்போது ஆயுதம் யார் கைக்கும் எட்டக் கூடாது என்பதே அவற்றின் கவலை. அதைக் கச்சிதமாகச் செய்கின்றன. சக்கரம் தரையைத் தொட்டதும் அந்தக் கவலை தீர்ந்துவிடுகிறது. உள்நாட்டு விமானங்களின் லக்கேஜ் கூடமோ அங்கே பெரும்பாலும் திறந்த வீடு. அழைத்துப்போக வந்தவர்கள் தெருவிலிருந்து நேராக உள்ளே வந்து நிற்கலாம். சென்னையிலிருந்து மகள் வீட்டுக்குப் போகிற அப்பா அம்மாவும் முதல் ஊரில் சுங்கச் சோதனையை முடித்து, உள்நாட்டு விமானம் மாறினால், கடைசியில் பொடி டப்பா, அப்பளக் கட்டோடு வரும் தங்கள் அட்டைப்பெட்டிக்காக இந்தக் கூட்டத்தில்தான் நிற்பார்கள்.

பக்கத்துப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. துப்பாக்கி இருப்பதைக் காட்டும் எந்த அடையாளத்தையும் வெளியே ஒட்டும்படி விமான நிறுவனம் செய்யக் கூடாது என்கிறது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். அடையாளம் தெரிந்தால் திருடன் அதைத்தானே முதலில் தூக்குவான்? அதில் எனக்குக் குறையில்லை. பெட்டிக்கு வெளியே சீட்டு கூடாது என்றால், அதைக் கொடுக்கும் இடத்திலாவது கண் இருக்க வேண்டும்.

பெட்டி கைக்கு வரும் நிமிடம் சாதாரணமானதல்ல என்று அங்குள்ள நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. 2005-ல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்குக் கிளம்பிய ஒருவர், விமானம் தாமதமாகி, வழியில் நியூஜெர்சியின் நெவார்க்கில் இணைப்பைத் தவறவிட்டார். துப்பாக்கி இருந்த லக்கேஜை வாங்கிக்கொண்டு ஓட்டலில் தங்கினார். மறுநாள் காலை கவுன்ட்டரில் நேர்மையாகச் சொன்னார், நியூஜெர்சி உரிமம் இல்லை என்று கைதானார். சில நாள்கள் சிறையில் இருந்தார். வழக்கு பிறகு கைவிடப்பட்டாலும், அவர் நஷ்டஈடு கேட்டபோது மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-ல் மறுத்துவிட்டது. ஓட்டலில் அந்த இரவு துப்பாக்கி அவர் கைக்கெட்டும் நிலையில் இருந்தது, ஆகவே பயணிகளுக்கான சட்டப் பாதுகாப்பு பொருந்தாது என்றது. அவருக்கு நடந்தது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் கைக்கெட்டும் துப்பாக்கி வேறு, பூட்டி அனுப்பிய துப்பாக்கி வேறு என்று நீதிமன்றத்துக்குத் தெரிகிறதே, விமான நிலையத்துக்கு ஏன் தெரியவில்லை?

ஃபோர்ட் லாடர்டேல் சம்பவத்துக்குப் பிறகு பெரிய விமான நிறுவனம் ஒன்று துப்பாக்கிப் பெட்டிகளை பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டி, தன் லக்கேஜ் அலுவலகத்தில் அடையாள அட்டையைப் பார்த்த பிறகே கொடுக்க ஆரம்பித்தது. பட்டையை அறுக்க எதையாவது தேடியாக வேண்டும். அந்தச் சில நிமிடத் தாமதத்துக்கு மதிப்பு உண்டு. அடையாள அட்டையால் மட்டும் என்ன பயன்? உரியவரிடம் சேரும், அவ்வளவுதான். ஃபோர்ட் லாடர்டேலில் சுட்டவரும் உரியவர்தான்.

லட்சக்கணக்கானவர்கள் ஒழுங்காகப் பயணம் செய்யும்போது ஒருவருக்காக எல்லோரையும் அலைக்கழிப்பதா என்று துப்பாக்கி வைத்திருப்போர் கேட்கிறார்கள். அலைச்சல் பெரிதாக இருக்காது. பிரிட்டனுக்கு வேட்டைக்கு வரும் வெளிநாட்டவர் சிவப்பு வழியில் போய், சுங்க அதிகாரியிடம் துப்பாக்கியையும் அனுமதிச் சீட்டையும் காட்டிவிட்டுத்தான் வெளியேறுகிறார்.

அமெரிக்க விமான நிலையங்களில் அந்த அளவுகூடத் தேவையில்லை. துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே பெட்டியில் போகக் கூடாது என்று முதலில் விதி வரட்டும். பெட்டி தொலைந்தால் புகார் வாங்க நிறுவனங்கள் லக்கேஜ் கூடத்திலேயே ஜன்னல் திறந்து வைத்திருக்கின்றன. துப்பாக்கியை அங்கே கொடுக்கலாம். தோட்டாவைக் கூடத்துக்கு வெளியே, பயணி காரில் ஏறும் இடத்தில் கொடுத்தால் போதும்.