துப்பிவிட்டுச் சொல்லும் தீர்ப்பு

நம் சங்க இதழில் ஒயினைப் பற்றியா கட்டுரை என்று அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நானும் அப்படி இருந்தவன்தான். என் மகள் ஜெர்மனியில், மோசல் ஆற்றங்கரை ஊர் ஒன்றில், ஒயின் பரிசோதனைக்கூடத்தில் பணிபுரிகிறாள். உறவினர்கள் கேட்டால் "உணவு ஆராய்ச்சி" என்று சொல்லி நழுவிவிடுவேன். சென்ற ஆண்டு அங்கே போயிருந்தபோது, "குடிக்க வேண்டாம்பா. வாயில வச்சுப் பார்த்துட்டுத் துப்பிடுங்க. எங்க வேலையே அதுதான்" என்றாள்.

மோசல் பள்ளத்தாக்கு குளிர்ப் பிரதேசம். செங்குத்தான சரிவுகளில், சிலேட்டுக் கல் நிறைந்த மண்ணில் திராட்சை பயிராகிறது. குளிரில் பழம் மெதுவாகப் பழுக்கும். சர்க்கரை அதிகம் ஏறாது. புளிப்பும் கரைந்து போகாது. சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹால் ஆகிறது என்பதால் அதுவும் பொதுவாகக் குறைவே.

முதல் பரிசோதனை கண்ணுக்கு. கோப்பையை வெள்ளைத் தாளின்மேல் சாய்த்துப் பார்க்க வேண்டும். ரீஸ்லிங் என்னும் வெள்ளை ஒயின் இளசாக இருந்தால் பச்சை கலந்த வெளிர்மஞ்சள், வயதானால் பொன்னிறம்.

அடுத்தது மூக்கு. கோப்பையைச் சுழற்றி முகர்ந்தேன். எலுமிச்சை, பச்சை ஆப்பிள் வாசனை. பல வருடம் பழகிய இன்னொரு ரீஸ்லிங்கை முகர்ந்தால் மண்ணெண்ணெய் நெடி! நான் வேலை பார்த்த இட்டார்சி டீசல் ஷெட் கண்முன் வந்தது. "இது கெட்டுப் போச்சும்மா" என்றேன். அவள் சிரித்தாள். டி.டி.என். என்ற சேர்மம் தரும் வாசனையாம் அது. முதிர்ந்த ரீஸ்லிங்கின் அடையாளமே அதுதானாம்.

பிறகு நாக்கு. புளிப்பு எச்சிலை ஊற வைக்கும். எவ்வளவு ஊறுகிறது என்பதே அளவு. இனிப்பு இருந்தால் அந்தப் புளிப்புக்கு ஈடாக நிற்க வேண்டும். சிவப்பில் பினோ நுவார் பார்த்தேன். தோல் மெல்லிய பழம், ஆகவே நிறமும் வெளிர். அதற்காக மதிப்பெண் குறைக்கக் கூடாது. ஈறு இறுகுவது டானினால். பச்சை வாழைக்காயைக் கடித்தவர்களுக்குப் புரியும். அறுசுவையில் துவர்ப்பு என்று நாம் பெயரிட்டிருப்பது அதைத்தான். பழுக்காத பழமென்றால் துவர்ப்பு முரடாக இருக்கும். துப்பியபின் சுவை எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ண வேண்டும். நல்லது நீண்டு நிற்கும்.

என்னை மாற்றியது வேறொன்று. ஜெர்மனியில் தர ஒயின் என்று விற்க, ரசாயனப் பரிசோதனையோடு ஒரு குழுவும் சுவைத்துப் பார்த்துத் தேற வேண்டும். தயாரித்தவர் யார் என்று குழுவுக்குச் சொல்வதில்லை. மணம், சுவை, இசைவு ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி. ஏதாவது ஒன்றில் 1.5-க்குக் குறைந்தாலும் நிராகரிப்பு. தேறினால் புட்டியின் லேபிளில் பரிசோதனை எண் அச்சாகும்.

இன்ஸ்பெக்ஷன் முடித்து முத்திரை குத்தியே காலம் கழித்தவன் நான். சப்ளை செய்தவர் பெயர் தெரிந்துவிட்டால் கண் கொஞ்சம் தளரும் என்பதை அனுபவத்தில் அறிவேன். பெயரை மறைத்துச் சோதிக்கும் வேலையில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இப்போது யாராவது கேட்டால், "என் பொண்ணு ஒயின் பரிசோதகர்" என்றே சொல்கிறேன்.