இரண்டு ஃபிராங்க் சந்தா

1838 செப்டம்பர் 10 அன்று பாரிஸின் பாக் தெருவில் கணவன் சுட்ட தோட்டாவை மருத்துவர்களால் எடுக்க முடியவில்லை. அதை நெஞ்சில் சுமந்தபடியே ஃப்ளோரா திரிஸ்தான் பிழைத்தெழுந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே ஆண்டில் வெளிவந்த பெரு நாட்டுப் பயண நூலின் தலைப்பில் அவர் தன்னைப் ‘பாரியா’ என்று அழைத்துக்கொண்டார். தமிழ்நாட்டுப் பறையர்களின் பெயரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சொல் அது. பெற்றோரின் திருமணத்தைச் சட்டம் ஏற்காததால் தந்தையின் சொத்து அவருக்குக் கிடைக்கவில்லை. 1816இல் பிரான்சில் விவாகரத்து ஒழிக்கப்பட்டிருந்ததால், பிரிந்த கணவனிடமிருந்து பல ஆண்டுகள் ஒளிந்தே வாழ வேண்டியிருந்தது.

1843இல் வந்த ‘தொழிலாளர் சங்கம்’ என்ற சிறிய நூல்தான் அவருடைய ஆகப்பெரிய பங்களிப்பு. மார்க்ஸும் ஏங்கெல்ஸும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கைக்கு ஐந்து ஆண்டுகள் முந்தையது அது.

அன்றைய பிரெஞ்சுக் கைவினைஞர்கள் தொழிலுக்கொரு சங்கமாகப் பிரிந்துகிடந்தார்கள். ஒரு சங்கத்தார் இன்னொரு சங்கத்தாரைத் தெருவில் கண்டால் தடியால் அடித்துக்கொள்வதும் உண்டு. இந்தப் பகையைத் தணிக்க அக்ரிகோல் பெர்டிகியே என்ற தச்சுத் தொழிலாளி 1839இல் ஒரு நூல் எழுதியிருந்தார். ஃப்ளோரா அதைப் படித்தார், அதோடு நிற்கவில்லை. பழைய சங்கங்களைச் சீர்திருத்துவது போதாது, எல்லாத் தொழிலாரும், ஆணும் பெண்ணும், ஒரே அமைப்பில் சேர வேண்டும் என்றார்.

அதற்கு அவர் போட்ட கணக்கு எளிமையானது. பிரான்சில் எழுபது லட்சம் தொழிலாளர்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 2 ஃபிராங்க். மொத்தம் ஒரு கோடியே நாற்பது லட்சம். அந்தப் பணத்தில் மாவட்டந்தோறும் ‘தொழிலாளர் மாளிகை’ எழும்பும். அங்கே பிள்ளைகள், பெண் குழந்தைகள் உட்பட, படிப்பார்கள்; முதியவர்களும் வேலையில் உடல் ஊனமுற்றவர்களும் தங்குவார்கள். தொழிலாளர்களுக்காக வாதாட ஊதியத்தோடு ஒரு பிரதிநிதியும் இருப்பார். அயர்லாந்தின் ஏழைக் கத்தோலிக்கர்கள் காசு திரட்டித் தங்கள் தலைவர் டேனியல் ஓகானலைத் தாங்கியதுதான் இதற்கு முன்மாதிரி. தம் கனவுக் குடியிருப்பைக் கட்டித்தர ஒரு செல்வந்தர் வருவார் என்று சோசலிசச் சிந்தனையாளர் சார்ல் ஃபூரியே கடைசிவரை காத்திருந்தார். ஃப்ளோராவும் அரசருக்கும் பணக்காரர்களுக்கும் முறையீடுகள் எழுதினார் என்றாலும், அவருடைய திட்டம் எழுந்து நின்றது தொழிலாளியின் சொந்தக் காசில். அன்றைய சோசலிசச் சிந்தனையில் இது பெரிய தாவல்.

நூலின் மூன்றாம் அத்தியாயம் பெண்களைப் பற்றியது. முதலாளியிடம் மிதிபடும் ஆண் வீட்டில் மனைவியை மிதிக்கிறான். அவளுக்குக் கல்வியும் சம உரிமையும் இல்லாமல் தொழிலாளி வர்க்கத்துக்கு விடுதலை இல்லை என்று அதில் வாதிட்டார். அடி வாங்கிய பெண் எழுதியது என்பதால் அதன் ஒவ்வொரு பத்தியிலும் சூடு தெரிகிறது.

இந்த நூலை அச்சிட மறுத்தவர், மக்களாட்சிக்கு ஆதரவானவர் என்று பெயர் பெற்ற பதிப்பாளர் பாஞேர். ஃப்ளோரா வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் திரட்டினார். ஜார்ஜ் சாண்ட், ஒய்ஜேன் சூ போன்ற புகழ்பெற்றவர்களும் கொடுத்தார்கள், கூலிக்காரர்களும் கொடுத்தார்கள். எல்லோர் பெயரும் தொகையும் நூலிலேயே அச்சாயின.

1844 ஏப்ரலில் அந்த நூலைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். இளம் கைவினைஞர்கள் தொழில் கற்றபடி நாட்டைச் சுற்றிவரும் பழைய வழக்கம் பிரான்சில் இருந்தது; அதே பாதையை அவரும் எடுத்துக்கொண்டார். 1831லும் 1834லும் பட்டு நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்த லியோன் நகரில் காவல்துறை அவருடைய அறையைச் சோதனையிட்டுக் காகிதங்களை அள்ளிச் சென்றது. ஆனாலும் அங்கேதான் நூலின் மூன்றாம் பதிப்பு அச்சானது. எலெயோனோர் பிளான் என்ற சலவைத் தொழிலாளிப் பெண் அவருடைய சீடரானதும் அங்கேதான். மறுஆண்டே அவர் ஃப்ளோராவின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார்.

மார்செய், துலோன், துலூஸ் என்று நீண்ட பயணம் போர்தோவில் முறிந்தது. டைஃபாய்டு கண்டு, 1844 நவம்பர் 14 அன்று, 41 வயதில் ஃப்ளோரா இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1848 அக்டோபரில், தொழிலாளர்கள் தாங்களே திரட்டிய பணத்தில் அவருக்குக் கல்லறைத் தூண் எழுப்பினார்கள். பயணத்தின்போது எழுதிவைத்த நாட்குறிப்பு 1973இல்தான் நூலாக வந்தது.

ஏங்கெல்ஸ் அவரை அறிந்திருந்தார். 1845இல் மார்க்ஸோடு சேர்ந்து வெளியிட்ட ‘புனிதக் குடும்பம்’ நூலில், ஜெர்மன் விமர்சகர் ஒருவர் ‘தொழிலாளர் சங்கத்தை’ எள்ளியதற்குப் பதிலடி கொடுத்தவர் அவர்தான். அந்த விவாதத்தை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)