பூட்டோடு சேர்ந்து வந்த சாவி

1980களின் அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் இதழ்களில் கேபிள் கன்வர்ட்டருக்கும் டீஸ்கிராம்ப்ளருக்கும் ஒரே பக்கத்தில் விளம்பரம் வரும். ஆனால் இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை. பழைய டிவிப் பெட்டிகளின் ட்யூனர் 2 முதல் 13 வரையிலான விஎச்எஃப் சேனல்களையே கம்பியில் பிடிக்கும். கேபிள் நிறுவனங்களோ 6ஆம் சேனலுக்கும் 7ஆம் சேனலுக்கும் நடுவே உள்ள அதிர்வெண்களிலும் நிகழ்ச்சிகளை அனுப்பின. அவற்றை 3ஆம் அல்லது 4ஆம் சேனலுக்கு இறக்கித் தருவது மட்டுமே கன்வர்ட்டரின் பணி. மாத வாடகைக்குப் பதில் கடையில் ஒன்றை விலைக்கு வாங்கியவர் யாரையும் ஏமாற்றவில்லை. டீஸ்கிராம்ப்ளர், வேண்டுமென்றே குலைத்து அனுப்பிய கட்டணச் சேனலின் படத்தை மீண்டும் நேராக்குவது. இதைப் பொழுதுபோக்காளர்கள் வீட்டு மேசையிலேயே உருவாக்க முடிந்ததற்கு அவர்களின் சாமர்த்தியத்தைவிட நிறுவனங்கள் தேர்ந்தெடுத்த வடிவமைப்பே முதல் காரணம் என்பது என் வாதம்.

குலைத்த விதத்தைப் பார்த்தாலே இது விளங்கும். அமெரிக்க என்டிஎஸ்சி முறையில் ஒரு படம் 525 கோடுகளால் ஆனது. விநாடிக்குச் சுமார் 15,734 கோடுகள். ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்ல அதன் முன்னே ஓர் ஒத்திசைவுத் துடிப்பு வரும். பரவலாக இருந்த ஒரு முறையில், இந்தத் துடிப்பு வரும் கணத்தில் மட்டும் சிக்னலின் வலிமையை 6 டெசிபெல், அதாவது மின்னழுத்தத்தில் பாதியளவு, தாழ்த்திவிடுவார்கள். கோட்டின் தொடக்கம் தெரியாமல் டிவி தடுமாறும். படம் சாய்ந்து கிழிந்து ஓடும். ஆனால் படத் தகவல் ஒரு புள்ளிகூட மறைக்கப்படவில்லை. சந்தாதாரரின் பெட்டி எப்போது வலிமையைக் கூட்ட வேண்டும் என்று அறிய வேண்டுமே, அதற்கான நேரக்குறியையும் நிறுவனமே அனுப்பியது. ஒலியைச் சுமக்கும் அலை அதிர்வெண் பண்பேற்றம் கொண்டது. அதன் வீச்சில் செய்யும் சிறு மாற்றம் காதுக்குக் கேட்காது. அந்த வீச்சில்தான் குறியை ஏற்றினார்கள். பூட்டைத் தொங்கவிட்டு அதே கயிற்றில் சாவியையும் கட்டிய கதை இது. ஒலி அலையின் வீச்சைப் பிரித்தெடுக்க ஒரு சிறு சர்க்யூட், வலிமையை ஏற்றி இறக்க ஒரு ஸ்விட்ச். ரேடியோ பழுதுபார்க்கத் தெரிந்தவருக்கு இது எட்டாத வித்தை அல்ல. லட்சக்கணக்கான வீடுகளுக்குப் பெட்டி மலிவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே நிறுவனங்கள் இந்த வழிக்குப் போயின. அந்தக் கணக்கை நான் குறைசொல்லவில்லை. ஆனால் சர்க்யூட் வெளியே தெரியாது என்ற நம்பிக்கையைப் பாதுகாப்பு என்று எண்ணியது பிழை.

பணம் கட்டாமல் கட்டணச் சேனல் பார்ப்பது திருட்டுத்தானே என்று கேட்பார்கள். ஆம், திருட்டுத்தான். 1984ஆம் ஆண்டின் அமெரிக்கக் கேபிள் சட்டம் அப்படிப் பார்ப்பதையும், அதற்கென்றே கருவி செய்து விற்பதையும் குற்றமாக்கியது, அது நியாயமே. பூட்டு பலவீனமானது என்பதால் உள்ளே இருப்பது பொதுச்சொத்து ஆகிவிடாது. ஆனால் சிக்னலின் அமைப்பைப் படித்தறிவது திருட்டு அல்ல. இன்னொரு மறுப்பு வலுவானது: கடினமான மறைகுறியும் தோற்றதே என்பது. 1986 ஜனவரியில் கட்டணச் சேனலான எச்பிஓ தன் செயற்கைக்கோள் சேவையை வீடியோசைஃபர் முறையில் பூட்டியது. அதில் ஒலி டிஇஎஸ் என்னும் மறைகுறியால் காக்கப்பட்டது. திருடர்கள் அந்தக் கணிதத்தை உடைக்கவில்லை; பணம் கட்டிய ஒரு பெட்டியின் அடையாளத்தை வேறு பெட்டிகளுக்கு நகலெடுத்தார்கள். கசிந்த ரகசியத்தை மாற்ற வழியில்லாத பெட்டிகளே தோற்றன. அதனால்தான் பின்னர் வந்த வடிவத்தில் ரகசியத்தைப் புதுப்பிக்கும் அட்டைக்கு இடம் வைத்தார்கள்.

அங்கிருந்து பார்த்தால் சரியான தீர்வு தெளிவு: ரகசியம் தனியே ஒரு அட்டையில் இருக்கட்டும், சேனல் பிடிக்கும் பெட்டியை யார் வேண்டுமானாலும் செய்யட்டும், வாங்கட்டும். 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் பெட்டிகள் கடையில் கிடைக்க வழிசெய்யச் சொன்னது. கேபிள்கார்டு என்னும் அத்தகைய அட்டை அப்படிப் பிறந்தது. 2007 முதல் கேபிள் நிறுவனங்கள் தாம் புதிதாக வாடகைக்கு விடும் பெட்டிகளிலும் பாதுகாப்பைப் பிரித்தே வைக்க வேண்டியிருந்தது. அந்தப் பிரிவினைக் கட்டாயத்தை 2014இல் அமெரிக்கக் காங்கிரஸ் நீக்கியது. கேபிள்கார்டு விதிகளையே 2020இல் தொலைத்தொடர்பு ஆணையம் கைவிட்டது. இது தவறான முடிவு. திருட்டைத் தடுக்கும் வேலையை அட்டை செய்யும்போது, சந்தாதாரர் தன் பெட்டியைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையைப் பறிக்கக் காரணம் ஏதும் இல்லை.